பூச்சி மாநாடு

கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம்மை நெட்டை சுரண்டிக்கொண்டிருந்தாள். தரையில் மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் நாற்காலிக்கு அடியில் விட்டால்தான் அது கண்ணுக்குத் தெரியும். தேய்ந்த கரண்டியின் காம்பால் குத்தி நெம்பினால் கறுத்த ஓடு மாதிரி பெயர்ந்து முகத்தில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததைக் கையால் தடவினாள்.

அவளுடைய கால்கள் நடைபாதையைத் தாண்டி அந்தப் பக்கம்வரை நீண்டு கிடந்தன. பக்கெட்டோடு வந்த சோடா நின்றாள்.

"காலை மடக்குடி. பாதைக்குக் குறுக்கே கேட் போட்ட மாதிரி கிடக்கு."

"தாண்டிப் போக்கா" என்றாள் நெட்டை அடியிலிருந்து. "இனிமே வளர்ந்து நான் என்ன பண்ணப் போறேன்."

அது பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கம். ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் ஆறு பேர் அதைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏணி இல்லாமலே ஜன்னலின் மேல்சட்டம்வரை துடைப்பதால் அவளுக்கு நெட்டை என்று பெயர் விழுந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் தன் கையே தனக்குத் தெரியாது என்பதால் அவளைவிட மூத்தவளுக்கு சோடா. சொந்தப் பெயர்கள் சம்பளம் வாங்கும் நாளன்று மட்டும் கூப்பிடப்படும்.

அரங்கத்தின் பின்சுவரில், மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. மேடையில் பேசுவதை உடனுக்குடன் வேறு மொழியில் சொல்கிறவர்கள் உட்காருவதற்காகக் கட்டியது. வருடக்கணக்காக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டியிருந்தது. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. நெட்டையின் மகளும் சோடாவின் மகனும் பகலெல்லாம் அங்கேதான் இருந்தார்கள். மகளுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. சோடாவின் மகனுக்கு நாலு. பேச்சு நாற்பது வயதுக்காரன் பேச்சு. அவனைப் பெரிய மனுஷன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

நெட்டை எழுந்து உட்காரும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வாள். மகளின் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியிருக்கும். வாய் திறந்திருந்தால் அழுகிறாளா, கொட்டாவியா என்பதை உதடு போகிற போக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தரை துடைத்ததை யாரோ பார்த்துவிட்டு, அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இந்தக் கண்ணாடி அறை இருக்கிறவரைக்கும்தான் இந்த வேலை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சூப்பர்வைசருக்கும் பிள்ளைகள் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டை அவருடைய வீட்டு மாடிப்படியைக் கழுவிவிட்டு வருவாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வாரம் வேலை வழக்கத்தைவிடக் கூடுதல். பூச்சியியல் துறையின் தலைவி வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து எல்லோருக்கும் ஒரு வேகம் பிடித்திருந்தது. நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சொல்ல முடியாதபடி வருவார், போவார். அவர் போன வழியில் காகிதம் பறக்கும் என்று இவர்கள் அவருக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார்கள். புயல் அவர்களை முன்வரிசை நாற்காலிகளில் உட்காரச் சொன்னார். தினமும் துடைத்த நாற்காலிகள்தான். ஒருத்தரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டு கேட்டார்கள்.

பூச்சிகளை ஆராய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு மாநாடு நடத்துகிறது, அதை எங்கள் இடத்தில் நடத்துங்கள் என்று ஊர் ஊராகப் போட்டி போட்டுக் கேட்பார்கள், இந்த முறை கடைசிவரை வந்திருப்பது மூன்று இடம் என்றார் புயல். ஒன்று கடற்கரை ஊர். இன்னொன்றில் புதுக் கட்டடம், ஹோட்டல் மாதிரி. மூன்றாவது நாம். சங்கத்திலிருந்து மூன்று பேர் வியாழக்கிழமை வந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வாக்கெடுப்பு.

"கடல் அவங்ககிட்ட இருக்கு, கட்டடம் இவங்ககிட்ட இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்குன்னு என்னையக் கேட்டாங்க. நான் சொன்னேன், வந்து பாருங்கன்னு."

அந்த 'நம்மகிட்ட' எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிறகு சோடா எழுந்து நின்றாள்.

"மேடம், ஒரு சந்தேகம். வர்றவங்க பூச்சிக்காரங்க. நாங்க கரப்பானுக்கு மருந்து அடிக்கட்டுமா, இல்ல நாலஞ்ச விட்டுவைக்கட்டுமா?"

புயல் சிரித்த சிரிப்பில் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சிடுங்க. ஒண்ணு கண்ணுல பட்டாலும் அது எந்த இனம்னு மூணு பேரும் சண்டை போட ஆரம்பிச்சிடுவாங்க. அரங்கத்தப் பாக்கவே மாட்டாங்க."

அன்றிலிருந்து அதற்குப் பூச்சி மாநாடு என்று பெயர். போட்டி ஊர்களைப் பற்றிய பேச்சுதான் தேநீர் நேரமெல்லாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்று, கதவுக் கீலெல்லாம் துருப்பிடித்து ஆளுக்கு முன்னால் கதவு பேசும் என்றான் எலெக்ட்ரிஷியன். புதுக் கட்டடத்தில் சுண்ணாம்பு வாசம் போயிருக்காது, வருகிறவர்களுக்குத் தலைவலி வரட்டும் என்று சோடா மனமார வேண்டிக்கொண்டாள். கேட்டைத் திறக்கவே சலித்துக்கொள்கிற காவலாளிகூட கேட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்ததை நெட்டை பார்த்தாள்.

புதன்கிழமை மாலையில் சூப்பர்வைசர் வந்தார். பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொண்டையைச் செருமுவது அவர் வழக்கம். செருமினார்.

"நாளைக்குப் பிள்ளைங்க யார் கண்ணுலயும் படக்கூடாது. பட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்வேன். அப்புறம் உங்க பாடு."

நெட்டை அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று வாசல்களில் நின்று கேட்டாள். ஒருத்தி வேலைக்குப் போகிறாள். ஒருத்தி படுத்த படுக்கை. மூன்றாமவள் தன் பிள்ளைகளையே சமாளிக்க முடியாமல் கதவைப் பாதி திறந்தபடி பேசினாள். காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். சோடாவுக்கும் வேறு வழி இல்லை. கண்ணாடிக்கு உள்பக்கமாகக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பிஸ்கட்டையும் தண்ணீரையும் வைத்து, பெரிய மனுஷனிடம் பொறுப்பை ஒப்படைத்துக் கதவைச் சாத்தினார்கள். சத்தம்தான் வெளியே வராதே என்றாள் சோடா.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று நடந்திருந்தது. ஒரு மைக்கும் செத்துக் கிடக்கக் கூடாது என்று புயல் எலெக்ட்ரிஷியனிடம் சொல்லியிருந்தார். கரண்டு என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன். மேடை மைக்கு, கை மைக்கு எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்து முடித்தவன், அன்று விடியும்போதே வந்து கண்ணாடி அறை மேசையில் தூசி மண்டிக் கிடந்த இரண்டு மைக்குக்கும் உயிர் கொடுத்தான். அவற்றின் வயர் போய்ச் சேர வேண்டிய காதுக்கருவிப் பெட்டி எப்போதோ காணாமல் போயிருந்தது. வயரை அந்தரத்தில் விட அவனுக்கு மனசு வரவில்லை. கொண்டுபோய் அரங்கத்து ஒலிபெருக்கியிலேயே சேர்த்துவிட்டான். பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கை இரண்டு மூன்று முறை எரியவிட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தேநீர் குடிக்கப் போனான்.

வந்தவர்களில் ஒருவர் வெள்ளைத் தாடிக்காரர். மற்றொருவர் எதைப் பார்த்தாலும் படம் எடுத்தார். மூன்றாவது ஓர் இளம் பேராசிரியை. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. தோளில் தொங்கிய பை அவரையே ஒரு பக்கமாகச் சாய்த்தது. புயல் மேடையில் நின்று, அரங்கத்தில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை அறைகள் பக்கத்தில் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு வந்தார். நெட்டையும் சோடாவும் தேய்த்த சீருடையில் பின்பக்கக் கதவை ஒட்டி நின்றார்கள். தாடிக்காரர் குனிந்து நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்ததை நெட்டை கவனித்தாள். அவர் வெறும் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சோடா நெட்டையின் விலாவில் இடித்தாள்.

"எங்க ஒலி அமைப்பு" என்று புயல் ஆரம்பித்தார்.

ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு முறை.

எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"ஏய்" என்றது ஒலிபெருக்கி. அரங்கம் முழுக்க அந்தக் குரல் உருண்டது. "மூலையில தண்ணி நிக்குது. யாரு தொடைச்சது இது?"

"மாத்தேன்" என்றது இன்னொரு குரல், ரொம்பச் சின்னது.

"மாட்டேன்னா கார்டக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. உன் இடத்துக்கு ஆயிரம் பேரு வெளியில நிக்கிறாங்க."

"தண்ணி."

"தண்ணியெல்லாம் அப்புறம். பெரிய ஆளுங்க வர்றாங்க. பல்லக் காட்டிக்கிட்டே தொடை."

காவலாளி தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டான். சூப்பர்வைசரின் காது மடல்கள் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. நெட்டை கண்ணாடி அறையை நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஓட வேண்டும், அதுவும் இந்த மூன்று பேருக்கு முன்னால் ஓட வேண்டும். அதற்குள் இளம் பேராசிரியை சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சிரித்தார். யார் அது என்று கேட்டார்.

புயல் கண்ணாடி அறையை நிமிர்ந்து பார்த்தார். கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு குட்டிக் கை தெரிந்தது. கதவோரம் நின்ற நெட்டையின் முகத்தையும் பார்த்தார். எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"எங்க குழந்தைகள் காப்பகம்" என்றார். "கடைசியா காட்டலாம்னு வச்சிருந்தேன். இப்பவே போயிடலாமா?"

நெட்டை வேலையாட்கள் படியில் இரண்டிரண்டாக ஏறினாள். அவர்கள் வந்து சேருவதற்குள் துணியை இழுத்துப் போட்டு, மகளின் மூக்கைத் துடைத்து, சிந்திய தண்ணீரைக் காலாலேயே ஒற்றி எடுத்துவிட்டாள். பெரிய மனுஷன் மைக்குக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வந்தவர்களைப் பார்த்ததும் வாங்க உட்காருங்க என்றான். தாடிக்காரர் சொன்னபடி உட்கார்ந்தார். இளம் பேராசிரியை கம்பளச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெட்டையின் மகள் தன் கையில் இருந்த துணியை அவர் மடியில் வைத்தாள்.

"போன வருஷ மாநாட்டுல என் பொண்ணு அழுதுடுவாளோன்னு நான் பாதி நேரம் வெளியிலயே நின்னேன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "என் கட்டுரையவே பாதிதான் படிச்சேன். இத யாரு பாத்துக்கிறது?"

புயல் கையை உயரத் தூக்கி நெட்டையின் தோளில் வைத்தார். "இவங்கதான்."

பொய் இல்லை என்று நெட்டைக்குத் தோன்றியது. ஆமாம் என்றாள்.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டுப் புயல் திரும்பி ஓடி வந்தார். நெட்டையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பினாயில் கை என்று அவள் இழுத்தாலும் விடவில்லை. ஜெயித்தால் கீழே நிஜமாகவே ஒரு அறை போட்டுவிடலாம் என்றார். "நீங்கதான் பாத்துக்கணும். உங்க பிள்ளையும் அதுலயே இருக்கட்டும். சரியா?" மூச்சு வாங்கியது அவருக்கு. நெட்டைக்கும் வாங்கியது. சூப்பர்வைசர் இவர்களைத் தாண்டிப் போகும்போது செரும வாயெடுத்து, அதை அப்படியே விழுங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவு புருஷன் எங்கிருந்தோ பேசினான். லாரி இரைச்சலுக்கு மேலே நெட்டை கத்திச் சொன்னாள்.

"அப்ப துடைப்பம்?" என்றான் அவன்.

"துடைப்பம் இல்ல. உக்காந்து பாத்துக்கிற வேலை."

"நீ உக்காந்தா கூரை எறங்கின மாதிரி இருக்குமே. பிள்ளைங்க பயந்துடப் போகுது."

அவள் சிரித்துவிட்டு, போனை மகளின் காதில் வைத்தாள்.

வாக்கெடுப்புக்காகப் புயல் வேறு ஊருக்குப் போயிருந்தார். முடிவு தெரிந்ததும் சொல்கிறேன் என்று கரண்டின் நம்பரை வாங்கிப் போயிருந்தார். அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. ஒரே ஜன்னலை நெட்டை திரும்பத் திரும்பத் துடைத்தாள். கரண்டு போனை மேடை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதற்குக் காவல் நின்றான். மணி அடித்தபோது அது அரங்கத்தின் நாலு மூலையிலிருந்தும் அடித்தது.

"ஜெயிச்சிட்டோம்" என்றது புயலின் குரல்.

சோடா நெட்டையைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்து அவளுடைய நெஞ்சில் முட்டியதில் கண்ணாடி எகிறி விழுந்தது. கண்ணாடி இல்லாமலே ஆடினாள். காவலாளி கேட்டை விட்டுவிட்டு ஓடி வந்தான். பெரிய மனுஷன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் ஓடினான். சூப்பர்வைசர்கூட யாருடைய முதுகிலோ தட்டினார். குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கடற்கரைக்காரர்களிடம் எல்லாம் இருந்தது, குழந்தைகள் அறை மட்டும் இல்லை, அதில்தான் வாக்கு திரும்பியது என்றது. "அந்த உயரமானவங்க இருக்காங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்களாலதான்."

எல்லோரும் திரும்பி நெட்டையைப் பார்த்தார்கள். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தாள். அந்த உயரத்திலிருந்து குழந்தை எல்லோருடைய உச்சந்தலையையும் பார்த்துக் கைதட்டியது.

மாநாட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. முதல் வேலையாகக் கீழ்த்தளத்தில் பழைய மேசைகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்தார்கள். நெட்டையும் சோடாவும் தாங்களே கேட்டு வாங்கி அந்த வேலையைச் செய்தார்கள். என்ன நிறம் அடிக்கலாம் என்று புயல் நெட்டையிடம்தான் கேட்டார். கை அழுக்கு தெரியாத மஞ்சள் என்றாள் அவள். அதையே அடித்தார்கள். ஈரம் காய்ந்ததும் பிள்ளைகள் இரண்டும் அங்கே வந்துவிட்டன. வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கட்டம் போட, அதை மகள் மிதித்து மிதித்து விளையாடுவாள். அழுதால் நடைபாதையிலிருந்தே கேட்டது. எத்தனையோ நாள் கழித்து, வேலைக்கு நடுவில் மகளுடைய அழுகையைக் காதால் கேட்டது நெட்டைக்குப் பிடித்திருந்தது. வேலை மாறியதும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று துடைத்துக்கொண்டே பாட்டுகளை நினைவுபடுத்திக்கொண்டாள். வார்த்தை மறந்த இடத்தில் சோடா தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தாள். அதைப் பிள்ளைகள் முன்னால் பாட முடியாது.

மாநாடு நெருங்க நெருங்கச் சாமான்கள் வந்து இறங்கின. தொட்டில் கட்டில்கள், மெத்தைகள், கழுவக்கூடிய பொம்மைகள். பெரிய மனுஷன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான். கண்ணாடி அறைக்குப் புதுக் காதுக்கருவிகள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் வெளிர்நீலச் சட்டையில் இரண்டு பெண்கள் வந்து மஞ்சள் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். மாலையில் கதவுக்கு ஒரு பூட்டு வந்தது.

நெட்டை நடைபாதையில் புயலை வழிமறித்தாள். புயல் கையில் மூன்று கோப்புகள், கழுத்தில் இரண்டு போன். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. நானே கூப்பிட்டுச் சொல்ல இருந்தேன் என்றார். "சங்கத்தோட காப்பீட்டு விதி. பணம் கட்டிப் பதிவு பண்ணினவங்க குழந்தைங்க மட்டும்தான் உள்ள. பாத்துக்கிறவங்களுக்கும் பயிற்சிச் சான்று வேணுமாம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்." மெத்தைகள் புதுசாக இருக்க வேண்டும், அதனால் அதுவரை யாரும் அறையைப் புழங்கக் கூடாது என்றும் சொன்னார். மாநாடு முடியட்டும், கட்டாயம் ஏதாவது செய்வோம் என்றார். கண் கலங்கிய மாதிரிகூட இருந்தது.

"அதுவரைக்கும் பாப்பாவ எங்க விடுறது மேடம்?"

போன் அடித்தது. புயல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், ஒரு நிமிடம் என்று. பேசிக்கொண்டே படியேறிப் போனார். நெட்டை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவர் திரும்பி வரவில்லை.

முன்னால் யாருக்கும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டேன், இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, எப்படி மூடுவது என்று சூப்பர்வைசர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிற மாதிரியே கேட்டார். மாநாடு முடிகிறவரை யாருக்கும் விடுப்பு கிடையாது, வராதவர்கள் அதற்குப் பிறகும் வர வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் படி கழுவுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் நெட்டை அதற்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். சோடாவின் தங்கை இரண்டு வாரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். மாநாட்டுக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

முதல் நாள் காலையில் அரங்கத்து வாசல் திருவிழா மாதிரி இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். சுவர் நீளத்துக்கு வண்டுகளும் தும்பிகளும் ஆள் உயரத்தில் படமாக நின்றன. காபி வாசம் நடைபாதை முழுக்க. யாரைப் பார்த்தாலும் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் அரங்கம் இப்படிப் பளபளத்து நெட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. பின்வாசலில் குந்தியிருந்தபோதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருந்தது.

பின்வாசலில் தொட்டில் கட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. நாலு பக்கமும் வெள்ளை மெத்தையில் சிரிக்கிற குழந்தை படம். கரண்டு திருப்புளியால் அதன் பக்கங்களில் வரிசையாக ஓட்டை போட்டான். காற்று போதுமா என்று உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். போதாது என்று இன்னும் நாலு போட்டான். துடைப்பம் வைக்கிற சாமான் அறைவரை சத்தம் போடாமல் வந்தால் பாட்டு சொல்வேன் என்று நெட்டை சொன்னதும் மகள் தானே பெட்டிக்குள் இறங்கி முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு மூன்று வயது. கால் கொஞ்சம் மடங்கத்தான் வேண்டியிருந்தது. துடைக்கும் துணிகளை மேலே பரப்பி, மூடியைச் சாத்தி, தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள்.

பின்வழியைச் சாப்பாட்டுக்காரர்கள் அடைத்திருந்தார்கள். முன்கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். நெட்டை சக்கரம் அதிராமல் மெதுவாகத் தள்ளினாள். மஞ்சள் அறை வாசலில் அந்த இளம் பேராசிரியை தன் பெண்ணை வெளிர்நீலச் சட்டையிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நெட்டையைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தார். "நீங்க இல்லன்னா நான் இந்த வருஷமும் வெளியதான் நின்னிருப்பேன்" என்றார். முகம் தெளிந்திருந்தது. இந்த முறை கட்டுரையை முழுக்கப் படிக்கப் போவதாகச் சொன்னார். யாரோ கூப்பிட, கையசைத்துவிட்டு அரங்கத்துக்குள் ஓடினார்.

கூட்டத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. எந்தப் பக்கமும் முதுகுகள். பெட்டிக்குள் ஏதோ நகர்ந்தது, அட்டை கிரீச்சிட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பினார். வெள்ளைத் தாடிக்காரர். பெட்டியைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து, ஓட்டைகளின் வரிசையை விரல் படாமல் எண்ணுகிற மாதிரி பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"உயிரோட இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

நெட்டை தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் நிமிர்ந்து இரண்டு கைகளையும் விரித்தார். "வழி விடுங்க. தயவு செஞ்சு வழி விடுங்க. உயிருள்ள பூச்சி போகுது. யாரும் இடிச்சிடாதீங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். படம் எடுக்கப் போன ஒருவர், வெளிச்சம் பட்டால் பயந்துவிடும் என்று கேமராவை இறக்கிக்கொண்டார். காபிக் கோப்பையோடு நின்ற ஒரு பெண்மணி பெட்டி கடந்து போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்ற அத்தனை பேருக்கும் நடுவே தாடிக்காரர் முன்னால் போக, நெட்டை தள்ளிக்கொண்டு போனாள். ஓர் ஓட்டை வழியாகச் சுண்டுவிரல் நுனி ஒன்று வெளியே வந்து காற்றைத் தடவியது. நெட்டை நடையை நிறுத்தாமல் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.